டெலிபோன் உர்சுலாவும் இரண்டாவது தட்டும்

ஊரின் வடகோடியில் இருக்கிற மார்சிலிங் அடுக்குமாடிகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பலருக்கு அந்த நம்பர் மனப்பாடம். எண்பத்து மூன்றில் அதற்குப் பேய் நம்பர் என்று பேர் வந்துவிட்டது. போன் பண்ணினால் ஒரு பெண் குரல் இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். முடிந்ததும் பீப் என்று சத்தம் வரும். அப்போதே போனை வைத்துவிட வேண்டும். வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டிருந்தால் யாரோ மூச்சு விடுவது கேட்கும். மூக்கு வழியாக விடுகிற மூச்சு இல்லை. சின்ன ஓட்டையில் காற்று போய் வருகிற மாதிரி ஒரு மூச்சு. அப்புறம் தட்டுகிற சத்தம் கேட்கும்.

அந்த மெஷினை மாட்டிக் கொடுத்தவன் நான். டன்லப் ஸ்ட்ரீட் முனையில் ரேடியோ, கேசட் ரிப்பேர் செய்கிற சேக் தாவூது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, அது உர்சுலா அக்கா என்று எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு ஆள் பயப்பட மாட்டான். நானும் ஒரு நாள் வரை பயப்படவில்லை.

உர்சுலா அக்காவின் அப்பா இயேசுதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மகளை கான்வென்டில் போட்டார். படிப்பு முடிந்த கையோடு அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், ஊர் பேசுவதை எல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை என்பார். உண்மையில் நன்றாகப் பேசுவார். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்ட மாதிரிக் குரல். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவர் வாசகம் வாசித்தால் பின்வரிசையில் அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடும் என்று அங்கே போகிறவர்கள் சொல்வார்கள். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன், அதைக் கேட்டதில்லை.

கிளைவ் ஸ்ட்ரீட்டில் மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல்மாடியில் இருந்தார். மில் ஓடுகிற நேரம் அவர் வீட்டுத் தரை மெதுவாக அதிரும். சுவரில் மாதா படம் நடுங்கும். பகல் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தினால் திடீரென்று எல்லாம் அடங்கி, நம் காதுக்குள் ஓடுகிற ரத்தம் கேட்கும். ரேடியோ பார்க்க அங்கே முதலில் போனபோதே எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

எக்ஸ்சேஞ்ச் கதை ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார். வெளியூர் போன் கால் போடும்போது இந்த ஊர் ஆபரேட்டரும் அந்த ஊர் ஆபரேட்டரும் தேவையில்லாமல் பேசக் கூடாது, சூப்பர்வைசர் பின்னால் நிற்பார். அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். பென்சிலால் மவுத்பீஸில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் லைன் நல்லாயிருக்கு. இரண்டு தட்டு என்றால் லைன் சரியில்லை, வேறு போடு.

ஈப்போ எக்ஸ்சேஞ்சில் அன்னம்மா என்று ஒருத்தி. அவளோடு உர்சுலா அக்கா வருடக்கணக்காகத் தட்டியிருக்கிறார்.

"மூஞ்சியே பாத்ததில்லையா, அக்கா?"

"இல்ல, பாய். குரலே ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல கேட்டதில்ல. தட்டுதான். அவ ரெண்டு தட்டுனா எனக்கு நல்லாத் தெரியும். மொதல் தட்டு பட்டுன்னு விழும். ரெண்டாவது நின்னு வரும். படியில கால் வைக்க யோசிக்கிற மாதிரி."

"தட்டை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவீங்களாக்கும்."

"நீங்க படியேறும்போதே தாவூது பாய்னு தெரியுதே. செருப்பு தேயத் தேய வர்றீங்க. புதுசு ஒண்ணு வாங்குங்க லா."

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஈப்போ லைனில் தட்டியபோது பதில் தட்டு வரவில்லையாம். புதுப் பெண் ஒருத்தி, "அன்னம்மா எக்ஸ்பயர்ட்" என்று சொல்லிவிட்டு, யாரோ ஒரு வியாபாரியின் போன் காலை இணைத்துவிட்டாள். வியாபாரி வெங்காயம் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். அக்கா அந்தக் கால் முடிகிற வரைக்கும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை என்றார்.

வெளியூருக்கும் நேராக நம்பர் சுழற்றிப் பேசலாம் என்று ஆனபின் ஆபரேட்டர் வேலை குறைந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு வந்தார். அப்புறம்தான் பிள்ளைகள் விஷயம் ஆரம்பித்தது.

இங்கே பள்ளிக்கூடங்களில் வாராவாரம் ஸ்பெல்லிங் டெஸ்ட். முதல் நாள் வீட்டில் யாராவது வார்த்தையை வாசிக்க வேண்டும், பிள்ளை எழுதிப் பார்க்க வேண்டும். அப்பா கப்பல் பட்டறை, அம்மா அடுப்படி என்றிருக்கிற வீட்டில் யார் இங்கிலீஷ் வாசிப்பது? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று புத்தகத்தோடு மாடியேறி வந்தது. பள்ளிக்கூடத்தில் அது சொல்லி, இன்னொன்று போன் பண்ணியது. உள்ளூர் போனுக்குத் தனிக் காசு கிடையாது, மாத வாடகையோடு சரி. தமிழ்ப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். லைன் கிடைக்காமல் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டார்கள். மூடிவிட்ட ஒரு ஆபீசிலிருந்து பதில் சொல்கிற மெஷின் ஒன்றை நான் பிடித்து வந்து ரிப்பேர் பண்ணி மாட்டினேன். திங்கள் நாலாம் வகுப்பு, செவ்வாய் ஐந்து, புதன் ஆறு. மணி அடித்தால் கேசட் தானே ஓடும். வார்த்தை, எழுத இடைவெளி, அடுத்த வார்த்தை. பீப் ஆனதும் பிள்ளை எழுதியதை எழுத்து எழுத்தாகச் சொல்லும். மெஷினின் ஸ்பீக்கரில் அது கேட்கும். அக்கா போனை எடுத்து, "கரெக்ட், கண்ணு. அடுத்தது" என்பார். இப்போது சில பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் வைத்து இதே வேலையைச் செய்கிறார்களாம். நல்லது. அக்கா சும்மா செய்தார்.

எண்பத்திரண்டில் அந்தக் குரல் கரகரத்தது. மிளகாய்த் தூள் என்றார்கள். மில்காரர் சாகுல் ஹமீது தன் மேல் பழி வருமோ என்று தேன் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். தேனுக்கு அடங்கவில்லை. தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட வேண்டும், இனி பேச முடியாது, கழுத்தில் ஓட்டை வழியாகத்தான் மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இவர் ஒரு வருடத்துக்கான வார்த்தைகளைப் பதிந்து முடிக்காமல் வரமாட்டேன் என்றார். டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன். மில் நிற்கிற பகல் நேரத்தில்தான் பதிய முடியும். அப்போது படி ஏறிப் போய் மைக்கைப் பிடிப்பேன். கேசட்டுக்குக் கேசட் குரல் தேய்ந்தது. கடைசிக் கேசட்டில் வார்த்தைக்கு நடுவில் காற்றுதான் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தபின் முதல் தடவை அவரைப் பார்க்கப் போனேன். கழுத்தில் வெள்ளைத் துணி. கையில், எழுதிவிட்டு மேல்தாளைத் தூக்கினால் அழிகிற பிள்ளைகளின் சிலேட்டு. நலமா என்று கேட்பதற்குள் மணி அடித்தது. கேசட் ஓடியது. "குட் ஆப்டர்நூன், சில்ட்ரன்" என்றது அவர் குரல், கரகரப்பதற்கு முன் பதிந்த பழைய கண்ணாடிக் குரல். அவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து அவர் பேசுகிறார், பெட்டிக்கு வெளியே அவர் கேட்கிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு மட்டும் லேசாக அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பீப் ஆனதும் போனை எடுத்தார். பிள்ளை எழுத்துகளைச் சொன்னது. மவுத்பீஸில் பென்சிலால் ஒரு தட்டு. சரி. அடுத்ததற்கு டக்டக்கென்று இரண்டு தட்டு. தப்பு. பிள்ளை திருத்திச் சொன்னது. ஒரு தட்டு. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த லைன் ஒன்றுதான் இனி அவருக்கு மனிதர்களோடு இருக்கிற பேச்சு என்று எனக்கு அப்போது விளங்கியது.

பழகிய பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். புது வருடம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? என் குரலில் ஒரு விளக்கம் பதிந்து கேசட்டில் சேர்க்கிறேன் என்றேன். அக்கா சிலேட்டில் எழுதினார்: "உங்க குரலக் கேட்டா பிள்ளைங்க நிஜமாவே பயந்துரும்." அதோடு அதை விட்டுவிட்டோம். விட்டது தப்பாகப் போனது. தட்டுகிறவர்களுக்குத் தட்டின் அர்த்தம் தெரியும். கேட்கிறவர்களுக்கு அது வெறும் சத்தம்.

சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. செத்தவர்கள் ஊருக்குள் திரும்பி வருவார்கள் என்று மார்சிலிங் பிளாக்குகளுக்குக் கீழே அவர்களுக்காகக் காகிதம் எரிக்கிற மாதம். பிள்ளைகள் பந்தயம் கட்டிப் பேய் நம்பருக்குப் போன் பண்ணினார்கள். என் தங்கை சம்சுன்னிசா அங்கேதான் இருக்கிறாள். அவள் மகள் பரீதாவும் ஒரு நாள் பீப்புக்கு அப்புறம் போனை வைக்காமல் பிடித்திருக்கிறாள். அன்று காய்ச்சல். பள்ளிவாசல் லெபையிடம் ஓதிய தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்துவிட்டு, மறுநாள் தங்கை பஸ் பிடித்து என் கடைக்கு வந்து நின்றாள்.

"நானா, அந்தப் போன்ல பேய் இருக்குன்னு ஊரே சொல்லுது. மாட்டி விட்டது நீங்கதானாம்."

"பேய்க்கு ஸ்பெல்லிங் டெஸ்டா வைக்கிறாங்க? அது உர்சுலா அக்கா. தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு, பேச முடியாது. தட்டுறாங்க."

"உசுரோட இருக்கிற ஆளு கேசட்ல பேசிட்டு, அப்புறம் மூச்சு மட்டும் விட்டா புள்ளைங்க என்ன நெனைக்கும்?"

"சொன்னா வெளங்கிக்கும்."

"எத்தன புள்ளைக்குப் போய்ச் சொல்வீங்க? எங்க பிளாக்குல எல்லாருமாச் சேர்ந்து போன் ஆபீசுல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுறேன்னுட்டாரு. நீங்களா ஏதாவது பண்ணுங்க, இல்லேன்னா அவங்க பண்ணுவாங்க."

கம்ப்ளெய்ன்ட் போனால் வந்து லைனையே எடுத்துவிடுவார்கள். லைன் போனால் குரலும் போச்சு. ஒரு வழி யோசித்தேன். மெஷின் இருக்கட்டும், அதற்கு உள்ளேயே தனி மணி உண்டு. வார்த்தையைச் சொல்லட்டும், பீப் அடிக்கட்டும். போனை மட்டும் கழற்றிவிட்டால் மூச்சும் கேட்காது, தட்டும் கேட்காது. பேய் ஓடிவிடும்.

அக்காவிடம் சொன்னேன். அவர் எழுதினார்: "அப்ப யாரு சொல்லுவா, சரியா தப்பான்னு?"

"டீச்சர் சொல்லுவாங்க, அக்கா. லைனாவது மிஞ்சும்."

மேல்தாளைத் தூக்கினார். எழுத்து போய்விட்டது. மறுபடி எழுதவில்லை. நான் போனைக் கழற்றிப் பையில் போட்டேன். குரல் பதிய மெஷினில் ஒரு சின்ன மைக் உண்டு. பதியும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். ஆனாலும் இருக்கட்டும் என்று அதன் ஒயரையும் எடுத்துவிட்டேன். கிளம்பும்போது அக்கா அந்தப் பென்சிலைக் கொண்டுவந்து என் பைக்குள் போட்டார்.

அதற்கப்புறம் அவர் சாப்பிடவில்லை. மில்காரர் சாகுல் ஹமீது வீட்டிலிருந்து போகிற டிபன் கேரியர் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. "ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, பாய். கூப்பிட்டா திரும்புறதில்ல" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை சாமான் வாங்க சிராங்கூன் ரோட்டுக்கு வந்தவள், மகளோடு கடைக்கு வந்தாள். பரீதாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பயமும் விட்டிருந்தது. நான் சொன்னதை அவளிடம் தாய் சொல்லியிருக்கிறாள்.

"மாமா, அந்த ஆன்ட்டி இப்ப மூச்சு விடறதில்ல. தட்டுறது மட்டும்தான்" என்றாள்.

"எப்ப போன் பண்ணுன?"

"ட்யூஸ்டே. எனக்கு ரெண்டு மிஸ்டேக். திருத்திட்டேன். டெஸ்ட்ல புல் மார்க்."

"சும்மா சொல்லாத. போனை நான் கழட்டிட்டு வந்துட்டேன்."

"ப்ராமிஸ், மாமா. ஆனா இப்ப வேற மாதிரித் தட்டுறாங்க. மிஸ்டேக்னா மொதல் தட்டு சீக்கிரம் வருது. ரெண்டாவது லேட்டா வருது. போயிட்டாங்கன்னு நெனைக்கிறப்ப வரும்."

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வேறு எங்கேயோ ஒரு போன் வாங்கி மாட்டிவிட்டார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபரேட்டராக இருந்தவருக்கு ஒயர் மாட்டத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் போனேன். பரீதாவுக்குக் காலைப் பள்ளி. முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுகிற நேரம் அது. நான் படியேறிக்கொண்டிருக்கும்போது கீழே மில் நின்றது. தரை அதிர்வது நின்றது. கதவு திறந்தே இருந்தது. அக்கா அடுப்படியில் தொட்டித் தண்ணீரில் கை விட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மெஷினிலிருந்து சுவர் வரை ஒயரைக் கையால் தடவிப் பார்த்தேன். வேறு போன் இல்லை. மைக் ஒயர் போட்ட ஓட்டை காலியாக இருந்தது. வெளியே இருந்து ஒரு சத்தமும் அந்த லைனுக்குள் போக வழி கிடையாது. மெஷினைத் திறந்து மூடிய கை என் கை, எனக்குத் தெரியும்.

மணி அடித்தது. கேசட் ஓடியது. கடைசிக் காலத்தில் பதிந்த, காற்றடைத்த குரல். அக்கா திரும்பவில்லை. வார்த்தைகள் முடிந்தன. பீப்.

"ஆன்ட்டி, பரீதா" என்று ஸ்பீக்கரில் கேட்டது. முதல் வார்த்தையின் எழுத்துகளைச் சொன்னாள்.

ஒரு தட்டு.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அக்காவின் கை தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. நான் அந்தக் கையையே பார்த்தேன். முழங்கை வரை சோப்பு நுரை.

பரீதா இரண்டாவது வார்த்தையைச் சொன்னாள். 'நெசசரி'. அதில் எத்தனை சி, எத்தனை எஸ் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை போல.

பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. மாடியில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது இரண்டாவது வந்தது. படியில் கால் வைக்க யோசித்து, கடைசியில் வைத்த மாதிரி.

உர்சுலா அக்கா திரும்பினார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? பயம் இல்லை அது. வெகுநாளாகக் காணாத ஆளை பஸ் கூட்டத்தில் பார்த்துவிட்டு, அவர்தானா என்று உற்றுப் பார்ப்போமே, அந்தப் பார்வை. தரையில் நுரை சொட்டச் சொட்ட நடந்து வந்தார். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பரீதா திருத்திச் சொன்னாள். ஒரு தட்டு. சரி.

அக்கா ஈரக் கையை மடக்கி, விரல் முட்டியால் மேசையில் ஒரு தடவை தட்டினார். மேசை மரத்தின் சத்தம் அந்த அறையைத் தாண்ட முடியாது.

ஸ்பீக்கரில் பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

அந்தப் பக்கம் பரீதா மெதுவாகக் கேட்டாள்:

"ஆன்ட்டி, இப்ப ரெண்டு பேர் இருக்கீங்களா?"

அக்காவின் கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர். சிரிப்பும் இருந்தது. என் பக்கம் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பையைத் திறந்து போனை எடுத்தேன். மாட்டி முடித்து, பையின் அடியில் கிடந்த பென்சிலையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் மவுத்பீஸில் தட்டினார். கீழே சாகுல் ஹமீது மில்லை ஓட விட்டார். மாதா படம் நடுங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் எது யாருடைய தட்டு என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க நானும் நிற்கவில்லை.

இறங்கும்போது பின்னால் டிபன் கேரியர் திறக்கிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் ஐந்து வருடம் அந்த லைன் ஓடியது. எண்பத்தெட்டில் அக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் பள்ளிச் சீருடையில் அத்தனை பிள்ளைகள் வந்ததைப் பார்த்துப் பாதிரியாரே யார் இவர்கள் என்று கேட்டார். கம்ப்ளெய்ன்ட் கடைசி வரை போகவில்லை. மார்சிலிங்கில் பயம் தெளிந்துவிட்டது. சொல்லி வைத்த மாதிரி பிள்ளைகளே ஒன்றுக்கு ஒன்று விளக்கிக்கொண்டன. ஒரு தட்டு சரி, இரண்டு தட்டு தப்பு, பயப்படாதே, ஆன்ட்டிங்க நல்லவங்க. ஆன்ட்டிங்க என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை எனக்குப் போன் பண்ணினாள்.

"என்ன நானா, போய்ப் பாத்தீங்களா? பரீதா என்னென்னவோ சொல்றா. ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்ல" என்றேன். "லைன் நல்லாயிருக்கு."